பிலோமினா சோசியல் படிக்கச் சீட்டு எடுத்த கதை

பாரிசில், லாச்சப்பல் மெற்றோவின் படிகளால் இறங்கி, மிளகாய்த்தூள் வாசம் வரும் திசையில் மூக்கை நம்பி நடந்தால் இராஜேந்திரனின் மரக்கறிக்கடை வரும். அங்கே காசு வாங்கும் மேசைகள் இரண்டு. ஒன்றில் வரிசையே இருக்காது. மற்றதில் வரிசை முடியவே முடியாது. முடியாத வரிசைக்குச் சொந்தக்காரிதான் பிலோமினா.

அந்த வரிசையின் நீளத்தைப் பற்றிப் பல கதைகள் உண்டு. எல்லாம் உண்மை. ஒரு தீபாவளிக்கு முதல் சனிக்கிழமை அது கடையை விட்டு வெளியேறி, புடவைக்கடைகளைக் கடந்து, கார் து நோர் ரயில் நிலையம்வரை போய்விட்டது. பிரசெல்ஸ் ரயிலால் வந்திறங்கிய ஒரு பெல்ஜியக்காரர் அதை டாக்சி வரிசை என்று நினைத்துக் கடைசியில் ஒட்டிக்கொண்டார். மேசைக்கு வந்து சேர்வதற்குள் நாலு வடை சாப்பிட்டிருந்தார். அவர் கையில் கடித உறையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை என்பதைக் கண்ட பிலோமினா, "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று பிரெஞ்சில் கேட்டாள். மனிசன் மனைவியோடு கோபித்துக்கொண்டு வந்ததைச் சொல்லி விக்கி விக்கி அழுதார். அங்கேயே நின்று மனைவிக்குப் போன் எடுக்க வைத்தாள் பிலோமினா. அன்று மாலை மனைவியும் அதே ரயிலால் வந்து, இருவரும் ஒரு கிலோ முறுக்கோடு ஊர் திரும்பினார்கள்.

வரிசையின் இரகசியம் அதுதான். சனங்கள் வெண்டிக்காயை மேலேயும் கடித உறையைக் கீழேயும் பிடித்துக்கொண்டு வருவார்கள். வீட்டு வாடகை உதவி நின்றுபோன கடிதம், விசாவுக்குத் திரும்ப வரச்சொன்ன கடிதம், பிள்ளை வகுப்பில் கதிரையால் எறிந்ததாகப் பள்ளிக்கூடம் எழுதிய கடிதம். பிலோமினா ஒரு கையால் வெண்டிக்காயை நிறுப்பாள், மறு கையால் கடிதத்தைப் பிரிப்பாள். அலுவலகங்களுக்குப் போன் எடுத்து அவள் "போன்சூர்" என்று சொன்னால் மறுமுனையில் இருப்பவர் காலை மேசையிலிருந்து கீழே இறக்கிவிடுவார். மன்னாரில் பிறந்து பத்தொன்பது வயதில் பாரிசுக்கு வந்தவள், பிரெஞ்சு படித்தது பள்ளியில் அல்ல, அரச அலுவலகங்களின் காத்திருப்புக் கதிரைகளில். அதனால் அவளுடைய பிரெஞ்சில் பொறுமை நிறைய இருந்தது.

ஒருநாள் கொத்தமல்லி வாங்க வந்த நகரசபைப் பெண்ணொருத்தி, வரிசையில் நின்ற நேரமெல்லாம் இதைப் பார்த்துவிட்டு, "நீங்கள் செய்வது ஒரு தொழில். அசிஸ்தான் சோசியால், அதாவது சமூக சேவையாளர். மூன்று வருடம் படித்தால் சான்றிதழ் தருவார்கள், இதற்குச் சம்பளமும் தருவார்கள்" என்றாள்.

"இதுக்குச் சம்பளமோ!" என்று பிலோமினா தமிழிலேயே கத்திவிட்டாள். கும்பிடுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டிருந்தாலும் அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டாள்.

ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் இருந்துகொண்டது. அவளுக்கு ஒரு கதவு வேண்டும் என்று நெடுநாள் ஆசை. கதவுக்குப் பின்னால் ஒரு கதிரை. வந்தவர்கள் அதில் இருந்து ஆறுதலாக அழவேண்டும். பின்னால் நிற்பவர் பூசணிக்காயை இடுக்கிக்கொண்டு எட்டிப் பார்க்கக் கூடாது. அதோடு, தெரியாததைக் கேட்பவர்களுக்கு "தெரியாது" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்தும் போயிருந்தது.

சேன் நதிக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கு விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் இருந்து கேள்வி கேட்டார்கள். பத்தாவது நிமிடத்தில் நடுவில் இருந்தவர் தன் தாயாரின் ஓய்வூதியச் சிக்கலைச் சொல்லத் தொடங்கினார். பிலோமினா அதைத் தீர்த்துக் கொடுத்துவிட்டு எழும்பியபோது மற்ற இருவரும் தங்கள் கைப்பைகளுக்குள் கடிதம் தேடிக்கொண்டிருந்தார்கள். இடம் கிடைத்துவிட்டது.

படிப்புச் செலவு மூன்று வருடத்துக்கும் பன்னிரண்டாயிரம் யூரோ. முழுவதையும் முதலே கட்டவேண்டும். வேலையில் இருப்பவர்களுக்கு முதலாளி கட்டலாம் என்று ஒரு வழி இருந்தது. பிலோமினா இராஜேந்திரனிடம் போனாள்.

"பிள்ளை, நான் காசு கட்டி நீ படிச்சு அங்கை போய் இருந்தால், இஞ்சை வெண்டிக்காய் ஆர் நிறுக்கிறது?"

"மெஷின் வைக்கலாம் அண்ணை. சனமே நிறுத்துக் காசு போட்டிட்டுப் போகும்."

"மெஷின் சனத்தைப் பார்த்துச் சிரிக்குமோ?"

"நானும் சிரிக்கிறேல்லையே அண்ணை. எனக்கெங்கை நேரம்?"

"அதுதான் சொல்லுறன். ரெண்டும் ஒண்டு. நான் மெஷினுக்குப் படிப்புக் காசு கட்டுவனோ?"

இந்த நியாயத்துக்கு உலகத்தில் எந்தப் பள்ளியிலும் பதில் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆனால் இராஜேந்திரன் கெட்ட மனிதரல்ல. படிக்கும் காலத்தில் சனியும் ஞாயிறும் வந்து வேலை செய்யலாம், அரைச் சம்பளம் தருவேன் என்றார். உருளைக்கிழங்கு மூட்டை ஒன்றும் இனாமாகக் கொடுத்தார். அதில் பாதி முளைத்திருந்தது.

பிலோமினாவின் வீடு பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில். கணவன் ஸ்ரனிஸ்லாசுக்கு ரொய்சி விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை. இருபது வருடம் பெட்டி தூக்கியதில் அவருக்கு உலகமே கிலோக் கணக்கில்தான் தெரியும். கலியாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்து, "எழுபத்தெட்டு, மாலை இல்லாமல்" என்பார். தராசில் ஏற்றிப் பார்த்தால் எழுபத்தெட்டேதான் இருக்கும். ஒருமுறை பங்குச் சாமியாரின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, "ரெண்டு கிலோ ஓவர்" என்றாராம்.

பிலோமினா விசயத்தைச் சொன்ன மாலை, அவர் எழும்பி அலுமாரியின் மேலிருந்த சூட்கேசுகளை இறக்கத் தொடங்கினார். ஐந்து இருந்தன. பிறகு சந்தைக்குக் கொண்டுபோகும் சக்கரப்பை, உருளைக்கிழங்கு மூட்டை, மகள் அனுஜாவின் பள்ளிக்கூடப் பை, கித்தார் உறை, கீழ்வீட்டு வயோதிபரிடம் இரவல் வாங்கிய மூன்று பெட்டி. எல்லாவற்றையும் வரவேற்பறையில் வரிசையாக அடுக்கினார். பன்னிரண்டு.

"ஒவ்வொண்டும் ஆயிரம்," என்றார். பிறகு பிலோமினாவின் சின்னக் கைப்பையை எடுத்து எதிர்ப்பக்கம் வைத்தார். "இப்ப கடையிலை எடுக்கிற சம்பளத்தை விட, படிச்சு முடிச்சால் எவ்வளவு கூட?"

"இருநூறு."

"வருசத்துக்கோ?"

"மாசத்துக்கு. ஏனப்பா இப்பிடி நக்கலடிக்கிறியள்?"

"நக்கலில்லை. இந்தக் கைப்பை மாசம் ஒருக்கா வருகுது. இந்தச் சாமான் முழுக்க ஏத்தி முடிக்க எத்தினை மாசம்?"

சோபாவில் படுத்திருந்த அனுஜா, போனிலிருந்து கண்ணெடுக்காமல், "சுவாசோந்த்" என்றாள். அறுபது.

"அறுபது! அதுக்குள்ளை அந்த மூண்டு வருச அரைச் சம்பளம் சேரேல்லை. அது இன்னும் ஒரு கொன்டெய்னர். வெளியிலை நிக்குது."

"அப்ப மனிசர் ஏனப்பா படிக்கினம்?"

"அதைத்தான் நானும் ஒவ்வொரு நாளும் இவளைப் பார்த்து யோசிக்கிறனான்" என்று அவர் மகளைக் காட்டினார்.

அனுஜா பிரெஞ்சில் ஏதோ நீளமாகச் சொன்னாள். இது செலவு அல்ல முதலீடு என்பது அதன் சாரம். இடையில் "மே பப்பா", ஆனால் அப்பா, என்று ஆறு தரம் வந்தது.

மறுநாள் இருவரும் பாங்குக்குப் போனார்கள். மூச்சுவிட முடியாத காற்சட்டை போட்ட ஓர் இளைஞர் கடனுக்கு வட்டி, காப்புறுதி எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் யூரோ மேலதிகமாக வரும் என்றார். அதோடு பிணை நிற்க ஆள் வேண்டும். சொந்த வீடு உள்ள ஆள்.

"காப்புறுதி எதுக்கு?" என்று ஸ்ரனிஸ்லாஸ் கேட்டார்.

"படிக்கும்போது மடாம் இறந்துவிட்டால் கடனை அது கட்டும்."

"சாகாமல் படிச்சு முடிச்சு, வேலை கிடைக்காட்டில்?"

"அப்போது நீங்கள்தான் கட்டவேண்டும்."

ஸ்ரனிஸ்லாஸ் மனைவியின் பக்கம் திரும்பி, "பார்த்தியோ, இதிலை சாகிறவைக்குத்தான் லாபம்" என்றார்.

சொந்த வீடுள்ள ஆளென்று அவர்களுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் மூன்று வருடமாக அவர்களைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போகிறவர். அவரிடமிருந்துதான் அந்தக் கித்தாரை இரவல் வாங்கியிருந்தார்கள்.

மிச்சம் இருந்தது சீட்டு.

ரூ லூயி-பிளாங்கில் புடவைக்கடை வைத்திருக்கும் இந்திராதேவி பிடிக்கும் சீட்டு அது. முப்பது பேர், ஆளுக்கு மாதம் ஐந்நூறு. மாதத்தின் முதல் ஞாயிறு பிற்பகல் கடையின் பின்னறையில் கூடி, அந்த மாதத்துப் பதினைந்தாயிரத்தை யார் எடுப்பது என்று ஏலம் போடுவார்கள். காசு அவசரமாகத் தேவைப்படுகிறவர் எவ்வளவு குறைத்து எடுக்கச் சம்மதம் என்று கூறவேண்டும். அதுதான் கழிவு. அதிகக் கழிவு கூறுகிறவருக்குச் சீட்டு. விட்டுக்கொடுத்த கழிவை முப்பது பேரும் சமமாகப் பிரித்து, அடுத்த மாதம் கட்டும் காசில் குறைத்துக்கொள்வார்கள். எடுத்தவர் கடைசி மாதம்வரை தவறாமல் கட்டவேண்டும். கட்டாவிட்டால் இந்திராதேவி நேரே வீட்டுக்கு வந்து, ஒன்றும் பேசாமல், கதவருகே கதிரை போட்டு இருப்பார். அதைவிட நீதிமன்றம் மேல்.

பிலோமினா பத்து மாதமாகக் கட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்குக் காசு கட்டும் கடைசித் தேதிக்கு முன்னால் ஒரேயொரு சீட்டுத்தான் இருந்தது.

ஸ்ரனிஸ்லாஸ் கடைசியாகத் தன் தீர்ப்பைச் சொன்னார். "ரெண்டாயிரம் கழிவுக்குள்ளை வந்தால் எடு. அதுக்கு மேலை போனால் பாங்கை விட நட்டம். பேசாமல் வெண்டிக்காயை நிறு. சம்மதமோ?"

"ஓம். சம்மதம்."

"சத்தியமா?"

"மடு மாதா மேலை சத்தியம். போதுமே? இனி இந்தப் பெட்டியளை மேலை ஏத்துங்கோ. வீட்டுக்குள்ளை நடக்கேலாமல் கிடக்கு."

இவ்வளவும் வீட்டுக்குள் நடந்த பேச்சு. ஆனால் லாச்சப்பலில் கண்புருவம் திருத்தும் கடை வைத்திருக்கும் சிவாஜினியிடம் பிலோமினா தன் புருவத்தைக் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தபோது, ஒரு பலவீனமான கணத்தில், "நான் சோசியல் படிக்கப் போறன்" என்று சொல்லிவிட்டாள். நூலைப் பல்லில் கடித்திருந்த சிவாஜினியால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. பிறகு வட்டியோடு சொன்னாள், வந்தவர்கள் எல்லோருக்கும். அன்று மாலை புறநகரான செவ்ரானுக்கு ரயில் போய்ச் சேர்ந்தபோது கதை ஏற்கெனவே அங்கே இறங்கி, சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டிருந்தது.

எங்கள் சனத்துக்கு "சோசியல்" என்றால் ஒரே அர்த்தம்தான். பிள்ளை பிடிக்கிறவர்கள். பிள்ளை அழுதால் வருவார்கள், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், கீரை இல்லையென்றால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள். இதை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் கண்டவரை அறிந்த ஒருவரை எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த வாரமே லாச்சப்பலின் பழக்கவழக்கம் மாறிவிட்டது. வரிசையில் நின்ற தாய்மார் பிலோமினாவை நெருங்க நெருங்க, "என்ரை ராசாத்தி, என்ரை செல்லம்" என்று பிள்ளைகளின் தலையைத் தடவத் தொடங்கினார்கள். சில பிள்ளைகள் பயந்து அழுதன, இதற்கு முன் அவர்களை யாரும் அப்படித் தடவியதில்லை. பிஸ்கட் பெட்டிகளும் சோடாவும் தட்டிலேயே கிடந்து தூசி பிடித்தன. எல்லோரும் கீரை வாங்கினார்கள். ஒரு பெண் தன் மூன்று வயதுப் பிள்ளைக்கென்று பதினான்கு கட்டுக் கீரை வாங்கி, மேசையில் வைத்து, "எல்லாம் இவன்தான் சாப்பிடுறவன்" என்று உரத்துச் சொன்னாள். இராஜேந்திரன் கீரை வரவழைக்கத் தனியாக ஒரு வான் பிடித்தார்.

பக்கத்துப் போன் கடை ஐங்கரனுக்கு எட்டு வயதில் இரட்டைப் பெண்பிள்ளைகள். இந்தப் பயத்தின் விலையை முதலில் விளங்கிக்கொண்டவர்கள் அவர்கள்தாம். "பப்பா, பிலோமினா அன்ரியட்டைச் சொல்லட்டே?" என்று கேட்டார்கள், ஐஸ்கிறீம் வந்தது. இரண்டாம் முறை கேட்டார்கள், இரண்டு முயல் வந்தது. மூன்றாம் முறை கேட்டுவிட்டு என்ன கேட்பதென்று தெரியாமல் சற்று யோசித்து, குதிரை ஓட்டப் பழகவேண்டும் என்றார்கள்.

பிலோமினாவுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், வரிசை வேகமாக நகர்கிறது என்பதுதான். ஒருவர் கையிலும் கடித உறை இல்லை. கேட்டால், "ஐயோ, எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா. நாங்கள் நல்ல சந்தோசம்" என்று பல்லைக் காட்டிக்கொண்டு ஓடினார்கள். வீட்டை விட்டு வெளியேற்றும் அறிவித்தல் வந்து ஒரு கிழமையாக நித்திரையில்லாத மனிதர்கூட அவள் முன்னால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனார்.

"பாரப்பா, எல்லாற்றை பிரச்சினையும் தீர்ந்திட்டுது" என்று அவள் வீட்டில் வந்து சோகமாகச் சொன்னாள். "நான் படிச்சு முடிச்சு வர ஒரு பிரச்சினையும் மிஞ்சியிராது போலை."

"பிரான்சிலையோ? பயப்பிடாதை" என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

சீட்டு ஞாயிறு வந்தது. இந்திராதேவியின் பின்னறையில் புடவைப் பெட்டிகளுக்கு நடுவே இருபது பேர்வரை நெருங்கியிருந்தார்கள். தேநீர், மட்டன் ரோல், மூலையில் பட்டுப்புடவை உடுத்த பொம்மை ஒன்று. ஸ்ரனிஸ்லாசும் வந்திருந்தார், கழிவு இரண்டாயிரத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்க. வழக்கமாகச் சீட்டுக் கூறல் என்றால் அந்த அறை மீன்சந்தைபோல இருக்கும். இன்று தேவாலயம்போல இருந்தது.

"சரி, ஆர் கூறுறியள்? குறைஞ்சது ஐந்நூறிலை தொடங்கவேணும்" என்றார் இந்திராதேவி.

"ஐந்நூறு" என்றாள் பிலோமினா.

ஐங்கரனின் வாய் திறந்தது. உள்ளே ஏதோ பெரிய தொகை மேலே வரப் பார்ப்பது தெரிந்தது. அவர் ஒரு முழு ரோலை எடுத்து வாய்க்குள் அடைத்து அதைத் தடுத்தார்.

"வேறை ஒருத்தரும் இல்லையோ? ஐங்கரன், நீ போன கிழமை என்னட்டை வந்து, இந்தச் சீட்டு எனக்கு வேணும், மூவாயிரம் எண்டாலும் விடமாட்டன் எண்டு நிண்டாய்?"

ஐங்கரன் ரோலோடு தலையை ஆட்டினார். விழுங்கிவிட்டு, "அக்காவே எடுக்கட்டும். எங்கடை வீட்டிலை எல்லாரும் நல்லாச் சாப்பிடுறம், அக்கா. பிள்ளையள் கீரையெண்டால் உயிர். பிறிட்ஜைத் திறக்கேலாது, கீரை வெளியிலை விழும்" என்றார்.

"நானும் என்ரை மகனுக்கு இப்ப ஏசிறதே இல்லை அக்கா" என்றாள் சிவாஜினி. "நேற்றுக்கூட அவன் ரீவியை உடைச்சான். நான் கை தட்டினனான்."

அப்போதுதான் பிலோமினாவுக்கு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. கீரை, தடவல், பாட்டு முணுமுணுத்த மனிதர். அவர்களுக்குத் தன்னைக் கண்டு பயம்!

அவள் கணவனைப் பார்த்தாள். ஸ்ரனிஸ்லாசுக்கும் விளங்கிவிட்டது. அவர் கண்ணால், வாயைத் திறவாதே, என்றார். ஐந்நூறு கழிவு! பதினான்காயிரத்து ஐந்நூறு கையில் வரும். பள்ளிக்குக் கட்டி மிச்சமும் இருக்கும். இந்திராதேவி, "ஒரு தரம்" என்றார். "ரெண்டு தரம்" என்றார்.

பிலோமினாவும் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் கதவுக்குப் பின்னால் இருந்த அந்தக் கதிரை மனதில் வந்தது. அது வெறுமையாக இருந்தது. மூன்று வருடம் படித்து, பன்னிரண்டாயிரம் கட்டி, கடைசியில் கதவைத் திறந்தால் எல்லோரும் கீரைக்கட்டோடு சிரித்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

"நில்லுங்கோ இந்திராக்கா" என்றாள். "உங்களுக்கு ஆர் சொன்னது நான் பிள்ளை பிடிக்கப் படிக்கிறன் எண்டு?"

எல்லோரும் சிவாஜினியைப் பார்த்தார்கள். சிவாஜினி பொம்மையைப் பார்த்தாள்.

"இல்லையோ அக்கா? பிறிட்ஜிலை ஒண்டும் இல்லாட்டில் கொண்டுபோவினமாமே?"

"பிறிட்ஜிலை ஒண்டும் இல்லாட்டில் சாமான் வாங்க வழி பார்த்துக் குடுக்கிறதுதான் அந்த வேலை! பிள்ளைக்கு ஆபத்து, வேறை வழியே இல்லையெண்டால் அதை நீதவான் முடிவெடுப்பார், நானில்லை. நான் கடிதம் வாசிப்பன், வீடு தேடுவன், போன் எடுப்பன், கதைச்சுப் பார்ப்பன்."

ஒரு பெரியவர் எழும்பினார். "அப்ப இப்ப கடையிலை செய்யிறதைத்தானே பிள்ளை செய்யப் போறாய்?"

"ஓம்."

"இப்ப சும்மா செய்யிற வேலையைச் செய்யிறதுக்குப் பன்னிரண்டாயிரம் குடுத்துப் படிக்கப் போறியோ?"

"ஓம்."

அறை வெடித்துச் சிரித்தது. சிரிப்பில் ஒரு பெட்டிப் புடவை சரிந்து விழுந்தது. ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்செல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்ததால் பட்டுப்புடவைப் பொம்மை அரையடி நகர்ந்ததைப் பலர் கண்டிருக்கிறார்கள்.

சிரிக்காதவர் ஐங்கரன் ஒருவர்தான். "அப்ப நான் குதிரைக்குக் கட்டின காசு?" என்றார்.

"என்ன குதிரை?"

"ரெண்டு குதிரை! தொப்பி, சப்பாத்து, வாத்தியார்! உங்களாலைதான் அக்கா எனக்கு இந்தச் சீட்டே தேவைப்பட்டது! இந்திராக்கா, ஏலம் முடியேல்லைத்தானே? எண்ணூறு!"

"ஆயிரம்!" என்றாள் சிவாஜினி. அவளுக்குப் புது ரீவி வேண்டும்.

மீன்சந்தை திரும்பி வந்துவிட்டது. பிலோமினா ஆயிரத்து இருநூறு என்றாள். ஐங்கரன் ஆயிரத்து ஐந்நூறு என்றார். சிவாஜினி ஒரு ரீவியின் விலையை மனதில் நினைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். பிலோமினா ஆயிரத்து அறுநூறு என்றாள், ஐங்கரன் ஆயிரத்து எண்ணூறு என்றார். பிலோமினா கண்ணை மூடிக்கொண்டு, "ரெண்டாயிரம்" என்றாள்.

"ரெண்டாயிரத்து நூறு" என்றார் ஐங்கரன்.

பிலோமினாவின் வாய் மூடிக்கொண்டது. சத்தியம் செய்திருந்தாள். இந்திராதேவி கையை உயர்த்தி, "ஒரு தரம்" என்றார். "ரெண்டு தரம்" என்றார். பிலோமினா குனிந்து தன் கைப்பையின் சிப்பைத் திறந்தாள், மூடினாள்.

"ரெண்டாயிரத்து ஐந்நூறு!"

சொன்னவர் ஸ்ரனிஸ்லாஸ். வாயில் ரோல் இருந்ததால் முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விழுங்கிவிட்டு மறுபடி சொன்னார்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரே? நீங்கள்தானே ரெண்டாயிரத்துக்கு மேலை..."

"நீதான் சத்தியம் பண்ணினனீ. நான் பண்ணேல்லை." அவர் மற்றவர்களைப் பார்த்துக் கையை விரித்தார். "சீட்டு மடியிலை வந்து விழுகுது. இவள் அதைக் கையிலை வைச்சுக்கொண்டு எழும்பி நிண்டு உண்மை சொல்லுறாள். இப்பிடியொரு விசரியைக் காசு எண்ணுற மேசையிலை வைச்சிருக்கேலாது. படிக்க அனுப்பத்தான் வேணும். வேறை ஒண்டுக்கும் உதவமாட்டாள்."

"ரெண்டாயிரத்து எண்ணூறு" என்றார் ஐங்கரன்.

"மூவாயிரம்" என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

அதுதான் எல்லை. பதினைந்தில் மூன்று போனால் பன்னிரண்டு. பள்ளிக்குக் கட்ட ஒரு சதம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இன்னும் ஒரு நூறு கூறினால் எல்லாம் போய்விடும். ஐங்கரனின் வாய் மறுபடி திறக்கத் தொடங்கியது.

"ஐங்கரன்" என்று பிலோமினா மெதுவாகக் கேட்டாள். "பிள்ளையளுக்கு அந்தக் குதிரை பிடிச்சிருக்கே?"

"இல்லை அக்கா! அதுதானே வயித்தெரிச்சல். குதிரை மணக்குதாம். ஏறமாட்டினமாம். வாத்தியார்தான் ஏறி ஓடுறார், நான் காசு கட்டுறன்."

"அப்ப ஏன் நிப்பாட்டேல்லை?"

"நிப்பாட்டினால் உங்களட்டை..." என்று தொடங்கியவர் நிறுத்தினார்.

"நான் நாளைக்குக் கடை பூட்டினாப் பிறகு வந்து ரெண்டு பேரோடையும் கதைக்கிறன். முதலிலை அவையள் சொல்லுறதைக் கேப்பம். பிறகு உம்மடை கதை. சரியோ?"

ஐங்கரன் விரல்களை மடக்கி ஒரு கணக்குப் பார்த்தார். குதிரை இல்லை, வாத்தியார் இல்லை, தொப்பியைத் திருப்பிக் கொடுக்கலாம். "அப்ப எனக்குச் சீட்டுத் தேவையில்லையே!" என்று தானே அதிசயப்பட்டு உட்கார்ந்தார்.

"மூண்டு தரம்!" என்று இந்திராதேவி பெட்டியில் அடித்தார். மூவாயிரம் கழிவு, முப்பது பேருக்கும் ஆளுக்கு நூறு. அந்தச் சீட்டு தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு கழிவு ஒருவருக்கும் கிடைத்ததில்லை.

சிவாஜினி பிலோமினாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஒவ்வொரு மாசமும் வந்து இப்பிடி உண்மை சொல்லுங்கோ!"

இரண்டு நாள் கழித்து பிலோமினா காசோலையோடு சேன் நதியைக் கடந்து பள்ளிக்குப் போனாள். பதிவு செய்யும் மேசையில் இளம்பெண்ணொருத்தி இருந்தாள். செலவை எப்படிக் கட்டுகிறீர்கள், பாங்குக் கடனா, முதலாளியா, அரச உதவியா என்று கேட்டாள்.

"சீட்டு" என்றாள் பிலோமினா.

அந்தச் சொல் அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. பிலோமினா விளக்கினாள். பாங்கு இல்லை, காப்புறுதி இல்லை, முப்பது பேர், ஒரு புடவைக்கடை, மட்டன் ரோல். செத்தாலும் கட்டவேண்டும், ஏனென்றால் இந்திராக்கா வருவார். இளம்பெண் பேனையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் இதே பள்ளியில் இதே படிப்பைப் படித்தவளாம். படித்து ஆறு வருடம், பாங்குக்கு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறாளாம்.

"அந்தச் சீட்டில் நானும் சேரலாமா?" என்று கேட்டாள், குரலைத் தாழ்த்தி.

பிலோமினா அங்கிருந்தே இந்திராதேவிக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, இஞ்சை ஒரு பிரெஞ்சுப் பிள்ளை. அடுத்த சீட்டிலை சேரக் கேக்கிறா."

"என்ன செய்யிறாளாம்?"

"சோசியல் படிச்சவ."

"ஓ. சம்பளம் எவ்வளவு?"

பிலோமினா கேட்டுச் சொன்னாள். மறுமுனையில் புடவை மடிக்கும் சரசரப்புக் கேட்டது.

"ஐயோ பாவம்" என்றார் இந்திராதேவி. "இந்தச் சம்பளத்துக்கு மாசம் ஐந்நூறு எப்பிடியடி கட்டுவாள்? பொறு, இருநூறு யூரோவிலை ஒரு சின்னச் சீட்டுத் தொடங்குவம். நீயும் இப்பவே பேரைக் குடுத்து வை. மூண்டு வருசத்தாலை உனக்கும் அதுதான் சரிவரும்."

"சரியக்கா" என்று சொல்லி, பிலோமினா காசோலையில் கையெழுத்துப் போட்டாள்.